பலகைக்கு அடியில் சிவப்புத் தரை

எங்கள் தரையில் முகம் தெரியும். கண்ணாடியில் தெரிகிற மாதிரி இல்லை. ஏரித் தண்ணீரில் தெரிகிற மாதிரி, கொஞ்சம் கலங்கி, கொஞ்சம் சிவந்து. கள்ளிக்குப்பத்தில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு இரண்டே அறை, பின்னால் ஒரு சாய்ப்பில் அடுப்படி. சுவரில் பாதிக்குப் பூச்சு கிடையாது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். குளிக்கிற இடத்துக்குக் கதவு கிடையாது, கோணிதான். ஆனால் தரை மட்டும் காவி கலந்த சிமெண்ட் தரை. கொத்தனார் மூன்று நாள் குந்திய குந்தலாகக் கரணையால் இழைத்தார். நான் அதற்கப்புறம் நான்கு வருஷம் இழைத்தேன்.

வெள்ளிக்கிழமை தோறும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளுவேன். ஈரம் காய்ந்ததும் பழைய வேட்டித் துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு, முழங்காலிட்டு, மூலையிலிருந்து மூலைக்குத் தேய்ப்பேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலிலேயே நின்று எட்டிப் பார்ப்பார்கள். "இன்னாமே, தரையப் பாத்தே பொட்டு வச்சிக்கலாம் போலக் கீதே" என்பார்கள். காலை உள்ளே வைக்கக் கூசுவார்கள். அந்தக் கூச்சம் எனக்குப் பிடித்திருந்தது.

அன்றும் வெள்ளிக்கிழமைதான். அம்பத்தூர் தொழிற்பேட்டை எஸ்டேட்டிலிருந்து, என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனி ஆள் ஒருவர் சைக்கிளில் வந்தார். இறங்கவில்லை. ஒரு காலைப் பெடலிலேயே வைத்துக்கொண்டு சொன்னார். பிரஸ் மிஷினில் டை என்கிற இரும்பு அச்சை மாற்றும்போது சங்கிலி அறுந்துவிட்டது, டை காலில் விழுந்துவிட்டது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், உயிருக்கு ஒன்றும் இல்லை. நான் "சரி" என்றேன். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். உள்ளே வந்தேன். உள்ளறையில் ஒரு மூலை மிச்சம் இருந்தது. அதைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல என்ன இருக்கிறது? அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்துவிட்டு எழுந்தால் கால் நம்முடையது இல்லை என்கிற மாதிரிக் கிடக்குமே, அப்படி. கொஞ்ச நேரத்தில் குத்தும், எறும்பு ஓடும், சரியாகிவிடும் என்று காத்திருந்தேன். ரயிலில் காத்திருந்தேன், ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தேன், அவர் கண் விழித்து என்னைப் பார்த்தபோதும் காத்திருந்தேன். குத்தவே இல்லை.

இடது காலை முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு எடுத்துவிட்டார்கள். ஆடி மாதத்தில் புதுக் கால் கொடுத்தார்கள். மரத்தில் கடைந்த பாதம், இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடையில் இறுக்க ஒரு தோல் பட்டை. கம்பெனியில் கூப்பிட்டுச் சொன்னார்கள். ஸ்டோர்ஸில் வேலை தருகிறோம், ஆனால் கைத்தடி கூடாது, சாமானைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து போய் வர வேண்டும். தீபாவளி கழிந்து முதல் திங்கட்கிழமை கம்பெனி டாக்டர் பார்ப்பார். நடந்து காட்டினால் வேலை. இல்லை என்றால் வீட்டோடு இருந்துவிட வேண்டியதுதான்.

அவருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. வீட்டோடு இருக்கிற வயதா அது?

தெருவில் நடந்து பழகலாம் என்றுதான் முதலில் நினைத்தார். எங்கள் தெரு மணல். மரப் பாதம் புதைந்தது. இரண்டாவது நாள் எதிர் வீட்டுக்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னா அண்ணாத்தே, புச்சு காலு எப்டி, கடிக்குதா?" என்று கேட்டார். புதுச் செருப்பை விசாரிக்கிற மாதிரி. அன்பாகத்தான் கேட்டார். இவரும் சிரித்தார். மூன்றாவது நாள் வெளியே போகவில்லை.

உள்ளறை பதினாலு அடி நீளம். கதவைச் சாத்திக்கொண்டால் யார் கண்ணும் படாது. அங்கே நடக்க ஆரம்பித்தார். என் தரையில்.

முதல் தடவை விழுந்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். இரண்டாவது தடவை கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். மூன்றாவது தடவை டிரங்குப் பெட்டி விளிம்பில் தலை மோதி ரத்தம் வந்தது. காப்பிப் பொடியை அப்பினேன். அவர் கத்தவில்லை, திட்டவில்லை. மல்லாந்து படுத்தபடி பக்கத்தில் உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தார்.

"நல்லா பளபளன்னுதான் வச்சிருக்க" என்றார்.

இவருடைய பழைய சிநேகிதர் பாய் வந்தது அதற்கு அடுத்த வாரம். எஸ்டேட் வேலைக்கு முன்னால் இவர் குமணன்சாவடியில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் இருந்தவர். பாய் அங்கே தச்சர். அந்தக் காலத்து பஸ்ஸுக்குத் தரை மரப்பலகைதான். பூந்தமல்லிப் பக்கம் ஓடின எத்தனையோ பஸ்ஸில் ஜனங்கள் நின்றது அவர் இழைத்த பலகை மேல். வாசலில் செருப்பை விடும்போதே ஆரம்பித்தார்.

"இன்னா மச்சான், தலையில கட்டு? காலுக்குத்தான அடின்னாங்க?"

"கால் போற எடத்துக்கு தலையும் வருது பாய். தனியா வுட மாட்டேங்குது."

பாய் உள்ளறைக்குள் வந்தார். குனிந்து கட்டை விரலால் தரையைத் தேய்த்துப் பார்த்தார். விரலை முகர்ந்தார்.

"இது தரையா, தோசைக் கல்லா? எண்ணெய் வேற தடவி வச்சிக்கீது தங்கச்சி. ஒண்ணு பண்ணு. அம்மி கொத்தறவ தெருவுல வருவா இல்ல, அவளக் கூப்புட்டு இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் கொத்திடச் சொல்லு. சொரசொரன்னு ஆயிடும். குதிரையே ஓடலாம்."

"முடியாது" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. பாய் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது அவ தரை பாய். வுடு."

"அவ தரைன்னா, நீ எங்க நடப்ப? கூரை மோட்டு மேலயா?"

எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இருந்ததா என்று தேடிப் பார்க்கிறேன். அந்த மதியத்தில் எனக்குத் தெரிவது தரையில் விழுந்த ஜன்னல் கம்பிகளின் நிழல் மட்டும்தான். கம்பிகளின் நிழல்கூட அந்தத் தரையில் மின்னியது.

டீயைக் குடித்து முடித்துவிட்டு பாய்தான் சொன்னார். "சரி. பஸ்ஸு மாதிரி பண்ணிடலாம். மேல பலகை போட்டுர்றேன். மரத்துல மரக்காலு வழுக்காது."

"தரையில ஓட்டை போடக் கூடாது" என்றேன்.

"போடாம? பஸ்ஸுல அடியில இரும்பு சேசிஸ் கீது, முடுக்கிடுவேன். இங்க எதுல முடுக்கறது, என் தலையிலயா?"

"ஒரு ஓட்டை கூட விழக் கூடாது பாய்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். முடுக்காமல் போடுகிறேன் என்றார். கட்டில் மாதிரிச் சட்டம் செய்து தரையில் சும்மா வைத்து, அதன் மேல் பலகையை ஆணி அடித்துவிடுவது. மொத்த அறைக்கும் ஒரே தெப்பம். தரையில் எங்கேயும் ஒட்டாது. "வேண்டாம்னா நாளைக்கு தூக்கிப் போட்டுடலாம். ஒன் தரை கொமரி மாதிரி அப்டியே இருக்கும்" என்றார்.

மரம் எஸ்டேட்டிலிருந்தே வந்தது. வெளிநாட்டு மிஷின்கள் வந்து இறங்கின பெட்டிகளை உடைத்த பலகை. மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் கொட்டினார். மஞ்சள் வெளுப்பான மரம். தெரு முழுக்க ஒரு மணம், கற்பூரம் மாதிரி, ஆனால் கற்பூரம் இல்லை. நான் ஒரு நாளும் பார்க்கப்போகாத ஏதோ ஒரு குளிர்ந்த ஊரின் மணம். பலகைகளில் கறுப்பு மையால் எழுத்துகள், அம்புக்குறிகள். ஒரு பலகையில் மட்டும் குடைப் படம், அதன் மேல் மூன்று துளி.

"குடை கம்பெனி மரமா பாய்?"

"மழை பேஞ்சா புடிச்சிக்க தங்கச்சி. சும்மா வருது."

எழுத்துள்ள பக்கத்தை எல்லாம் அடியில் போட்டார். குடை இருந்த பலகையை மட்டும் இவர் மேல் பக்கமாகப் போடச் சொன்னார், கதவுக்குப் பக்கத்தில். ஏன் என்று கேட்டதற்கு "நல்லாக் கீது" என்றார். விபத்துக்கப்புறம் அவர் ஒன்றை நன்றாக இருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. என் தரையைச் சொன்னதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மூன்று நாள் வேலை. முதலில் தரை முழுக்கத் தார்க் காகிதம் விரித்தார். அதன் மேல் ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டங்கள். அதன் மேல் அறையின் நீளத்துக்குப் பலகைகள், ஒன்றின் பக்கத்தில் ஒன்று, மரச் சுத்தியால் தட்டி நெருக்கி. பிறகு இழைப்புளி. சுருள் சுருளாக மரம் எழுந்து விழுந்தது. பள்ளிக்கூடத்துப் பெண்ணின் தலைமுடி மாதிரி. அதைக் கூட்டி அள்ளி அடுப்பு எரித்தேன். சோறுகூட அந்த மணம் அடித்தது. தரை மூன்று விரற்கடை உயர்ந்துவிட்டதால் கதவைக் கழற்றி அடியை அறுத்து மறுபடி மாட்டினார். அது உள்பக்கம் திறக்கிற கதவு.

சுவரை ஒட்டி நான்கு பக்கமும் கட்டை விரல் அகலத்துக்கு இடம் விட்டிருந்தார். மரம் போதாமல் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"இல்ல தங்கச்சி. மரம் மூச்சு வாங்கும். மழையில உப்பும், வெயில்ல சுருங்கும். அதுக்கு எடம் வுடணும். அப்புறம், தண்ணி ஊத்திக் கழுவாத. ஈரத் துணி போதும். இன்னா, புரிதா?"

"சரி" என்றேன்.

சாமான்களைப் பையில் போட்டுக் கட்டிவிட்டு பாய் கதவருகில் போய் நின்றுகொண்டார். இவர் அந்தக் கோடியில், பட்டையை இறுக்கிக்கொண்டு, சுவரில் கை வைத்து நின்றார். பாய் வாயில் இரண்டு விரலை வைத்து விசில் அடித்தார்.

"ரைட்! போலாம்! உள்ள நவுரு, உள்ள நவுரு, படிக்கட்டுல நிக்காத!"

இவர் சுவரிலிருந்து கையை எடுத்தார். ஒரு கால், மறு கால். டொக். பலகைக்கு அடியில் காலியிடம் இருந்ததால் சத்தம் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. டொக். டொக். பதினாலு அடியும் நடந்து வந்து பாய் தோளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். "டிக்கெட் எடுத்தியா மச்சான்?" என்றார் பாய். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. முகத்தை அதற்கு ஏற்ற மாதிரி வைத்துக்கொண்டேன்.

அப்புறம் நாள் முழுக்க அந்தச் சத்தம்தான். காலையில் கதவைச் சாத்திக்கொள்வார். அடுப்படியிலிருந்தே எனக்குத் தெரியும், இது நல்ல கால், இது மரக்கால், இது திரும்புகிற இடம், இது களைத்து நிற்கிறது. நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டியதெல்லாம் அந்த டொக் டொக்கில் முடிந்துவிடுகிற மாதிரி இருந்தது. புரட்டாசி போகப் போகத் திரும்புகிற இடத்தில் தயங்குவது குறைந்தது. கைத்தடி மூலையில் சாய்ந்தே கிடந்தது.

அவர் முன்னறையில் படுத்திருக்கும்போது நான் உள்ளே போய், சுவர் ஓரம் குனிந்து, அந்தக் கட்டை விரல் இடுக்கில் எட்டிப் பார்ப்பேன். அந்த ஓரத்தில் தார்க் காகிதம் கொஞ்சம் விலகியிருந்தது. அடியில் ஒரு சிவப்புக் கோடு. இருக்கிறது. பத்திரமாக இருக்கிறது. யார் முகமும் விழாமல் மின்னிக்கொண்டிருக்கிறது.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் அவருடைய பட்டையின் திருகாணி ஒன்று கழன்று அந்த இடுக்கில் விழுந்துவிட்டது. தென்னங்குச்சியில் புளியை உருட்டி ஒட்டி எடுத்தேன். திருகாணியோடு ஒரு பூரானும் வந்தது. பூரான், குப்பை, அரிசி மணி, நூல், முடி. வீட்டுக்குள் இப்படி ஓர் இடுக்கை வைத்துக்கொண்டு எப்படிப் பூஜை செய்வது? பக்கத்து வீட்டில் கிணற்றுக்கு வளையம் பூசி மிச்சம் இருந்த சிமெண்ட்டைக் கேட்டு வாங்கினேன். மணல் சலித்துக் கலந்தேன். காவிப் பொடியும் கலந்தேன். அகப்பைக் காம்பால் நான்கு பக்கமும் அடைத்து, கட்டை விரலால் இழுத்து இழுத்து வழவழப்பாக்கினேன். மஞ்சள் பலகையைச் சுற்றி ஒரு சிவப்புக் கரை. புடவைக் கரை மாதிரி. அழகாக இருந்தது. அது இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது, அவ்வளவு அழகாக இருந்தது.

மறுநாள் காலை பூஜைக்கு வீட்டைக் கழுவினேன். ஆயுத பூஜைக்கு வீட்டைக் கழுவாமல் யார் இருப்பார்கள்? அரிவாள்மணை, அம்மி, சுத்தி, அவருடைய பழைய ஸ்பேனர்கள், அந்தக் காலையும்கூடத் துடைத்துப் பொட்டு வைத்தேன். உள்ளறையில் இரண்டு வாளி ஊற்றினேன். பாய் சொன்னது நினைவுக்கு வந்ததா? வந்தது. ஒரு நாளைக்குத்தானே என்று நினைத்தேன். ஊற்றின தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளினேன், வாசல் வரை பாதிதான் வந்தது. மீதி எங்கே போயிற்று என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கொரட்டூர் ஏரி நிரம்பிவிட்டது என்றார்கள். வீட்டுக்குள் துணி காயவில்லை, தீப்பெட்டி பற்றவில்லை. தீபாவளியன்று பட்டாசுச் சத்தமே தெருவில் கேட்கவில்லை. பலகையில் நடக்கிற சத்தம் மாறியிருந்தது. டொக் இல்லை, தொப். மழைக்கு எல்லாச் சத்தமும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

தீபாவளி கழிந்த சனிக்கிழமை. காலையில் அவர் வழக்கம் போல உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் குழாயடியிலிருந்து குடத்தோடு வந்துகொண்டிருந்தேன். வெடிச் சத்தம் கேட்டது. நமுத்துப்போன அணுகுண்டு யார் வீட்டிலோ இப்போதுதான் வெடிக்கிறது என்று நினைத்தேன். அப்புறம்தான் அவர் குரல்.

கதவு திறக்கவில்லை. தள்ளினேன். ஒரு விரல் நகர்ந்து நின்றுவிட்டது. ஜன்னல் பக்கம் ஓடினேன். அறை நடுவில் பலகைகள் கூரை மாதிரி எழும்பியிருந்தன. அதன் ஒரு சரிவு கதவின் அடியில் முட்டிக்கொண்டிருந்தது. அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம், சுவரோடு ஒட்டி அவர் உட்கார்ந்திருந்தார். அடிபடவில்லை. குடைப் பலகை நட்டுக்குத்தலாக நின்றது.

"இன்னா ஆச்சி?" என்றேன்.

"பஸ்ஸு கவுந்துடுச்சிமே" என்றார்.

எதிர் வீட்டுக்காரர் வந்து தோளால் மோதிப் பார்த்தார். அசையவில்லை. திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு ஞாயிறு. இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "நீ போயி பாயக் கூட்டிகினு வா. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்." கம்பி வழியாக காப்பி டம்ளரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. நின்றுகொண்டே போனேன். தலையைக் குனிந்திருந்ததால் தரையைத்தான் பார்க்க முடிந்தது. மரப்பலகைத் தரை. எல்லோர் செருப்பிலிருந்தும் குடையிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இடுக்கு. அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் கீழே இறங்கியது. அதன் வழியாகவே நனைந்த ரோடு ஓடுவது தெரிந்தது. பஸ்ஸின் ஓரத்திலும், தகரத்துக்கும் பலகைக்கும் நடுவில், கட்டை விரல் அகலம்.

அம்பத்தூரிலிருந்து குமணன்சாவடி வரை அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். தண்ணீர் படக் கூடாது என்று சொன்ன குடைப் படமும் அதன் மேல் மூன்று துளியும் அப்போதுதான் எனக்குப் புரிந்தன. புரிந்தபோது ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்தேன். கண்டக்டர் "எறங்கும்மா" என்றார். இறங்கினேன்.

பாய் உளிப்பையோடு வந்தார். ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தவர் முதலில் சிரித்தார். "இன்னா மச்சான், மலை மேல ஊடு கட்டிகினு?" அப்புறம் சுவர் ஓரத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"எடம் வுட்டேனே. அதுல எவன் சிமெண்ட்டு அடைச்சது?"

நான் அவருக்குப் பின்னால், மழையில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன்.

"நான்தான் பாய்" என்றது உள்ளேயிருந்து குரல். "பூரான் வந்துகினே இருந்துச்சி. நான்தான் அடைச்சேன்."

"உனக்கு அறிவு கீதா? தண்ணியும் ஊத்துனியா?"

"ஊத்துனேன்."

நான் வாயை மூடிக்கொண்டேன். அவரால் குந்தவே முடியாது. அது பாய்க்கும் தெரியும். நான்கு பக்கமும் குந்தியபடி கட்டை விரலால் இழைத்த கரை அது. பாய் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் அவர் எனக்குச் செய்த மரியாதை.

கம்பி வழியாக உளியும் சுத்தியும் உள்ளே போயின. இவர் உட்கார்ந்தபடியே, கைகளை ஊன்றி நகர்ந்து நகர்ந்து, சுவர் ஓரத்தை உடைத்தார். என் சிவப்புக் கரை சில்லு சில்லாகத் தெறிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு கதவருகில் இரண்டு பலகையைப் பாய் சொல்லச் சொல்ல நெம்பி எடுத்தார். கதவு திறந்தது. மாலைக்குள் தெப்பம் முழுவதையும் பிரித்து வாசலில் அடுக்கிவிட்டார்கள். நனைந்து கறுத்து, ஓரங்கள் வில்லாக வளைந்த பலகைகள். பாய் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். "காய பத்து நாளாவும். காஞ்சாலும் கோணல்தான்."

தார்க் காகிதத்தை உரித்தோம். அடியில் என் தரை. ஒரு கீறல் இல்லை. மூன்று வாரத்துக்கு மேல் தண்ணீரில் ஊறி, பாசி பூத்த மாதிரி வழவழவென்று மின்னியது. இவர் மரக்காலை வைத்தார். வைத்த வேகத்தில் அது முன்னால் ஓடியது. பாய் இடுப்பைப் பிடித்துத் தாங்கிக்கொண்டார்.

"நாளைக்கு ஒரு நாள்தான கீது" என்றார் பாய். கொத்திவிடலாம் என்று மறுபடி சொல்லவில்லை. கடைசி பஸ்ஸுக்கு முன்னாலேயே கிளம்பிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. ஒன்பது மணி இருக்கும். தெருக்கோடியில் குரல் கேட்டது. "அம்மி கொத்தலையோ, அம்மி! ஆட்டுக்கல் கொத்தலையோ!" மாதம் ஒரு தடவையாவது வருகிற குரல். நான் வாசலுக்குப் போய்க் கூப்பிட்டேன். நடுத்தர வயசுக்காரி, இடுப்பில் சாக்குப் பை, வாய் நிறைய வெற்றிலை. உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன்.

"அம்மி எங்கம்மா?"

"இதுதான்."

அவள் தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"காலங்காத்தால கலாட்டா பண்றியா? ஊட்டையே கொத்தச் சொல்றியே."

"ஆமா. அந்தக் கோடியிலேர்ந்து இந்தக் கோடி வரைக்கும்."

"கண்ணாடி மாதிரி கீதும்மா. யார்னா என்னைத் திட்டப் போறாங்க."

"என் தரைதான். யாரும் திட்ட மாட்டாங்க. கொத்து."

அவள் வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "அம்மின்னா ஓரத்துல மீனு போடுவேன், பூ போடுவேன். இதுக்கு இன்னா போடறது?" என்றாள். புள்ளி போதும் என்றேன். அவள் பையில் இன்னொரு உளி இருந்தது. அதை நான் வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டுச் சுத்தியை எடுத்துக்கொண்டு எதிர்க் கோடிக்குப் போனேன். அவருக்கு அடிபட்ட வெள்ளிக்கிழமை அன்று மிச்சம் இருந்த அந்த மூலை. அங்கே முழங்காலிட்டு முதல் அடி அடித்தேன். வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தது. காவி மேலே மட்டும்தான். அடியில் சாதாரண சிமெண்ட்.

இவர் முன்னறைக் கட்டிலில் உட்கார்ந்து, திறந்த கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "கண்ணுல தெறிக்கும், முந்தானையப் போட்டுக்க" என்றார்.

இரண்டு பேரும் இரண்டு கோடியிலிருந்து கொத்திக்கொண்டே வந்தோம். சோறு வடித்தது பாதியில் ஒரு தரம். அவளுக்கு ஒரு தட்டு, எங்களுக்கு இரண்டு தட்டு. மறுபடி உளி. மூன்று மணி வாக்கில் எங்கள் முழங்கால்கள் நடுவில் முட்டிக்கொண்டன. "ஆச்சிம்மா, அம்பது வூட்டு அம்மி" என்று அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சிவப்புத் தூளைக் கூட்டி முறத்தில் அள்ளினேன். தரை அம்மை போட்டு இறங்கின முகம் மாதிரி இருந்தது.

அவர் பட்டையை இறுக்கிக்கொண்டு வந்தார். அம்மிக் குழவியை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டார். ஸ்டோர்ஸ் சாமான் அவ்வளவு கனம் இருக்கும் என்று கணக்கு. போனார். வந்தார். மறுபடி போனார். டொக் இல்லை, தொப்பும் இல்லை. மணலை மிதிக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். இருட்டுகிற வரைக்கும் நடந்தார். ஒரு தடவையும் வழுக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் தனியாகவே போனார். கைத்தடியைக் கதவோரம் சாய்த்துவிட்டு, எதிர் வீட்டுக்காரர் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனார். நான் கூட வருகிறேன் என்று சொல்லவில்லை, அவரும் கூப்பிடவில்லை. பகல் முழுக்க ஒன்றும் தோன்றவில்லை. அறையைக் கூட்டினால் இன்னும் தூள் வந்தது. மறுபடி கூட்டினேன். மறுபடி வந்தது. கை மட்டும் சுத்தி பிடித்த வடிவத்திலேயே மடங்கி நின்றது.

மத்தியானம் வந்துவிட வேண்டியவர் வரவில்லை. சங்கு ஊதி, ஷிப்ட் விட்டு, சைக்கிள்கள் தெருவில் வர ஆரம்பித்தபோது, அந்தக் கூட்டத்தோடு வந்தார். இறங்கி, வாசலில் அடுக்கியிருந்த கோணல் பலகைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேர்த்திருந்தது.

"நாளைலேர்ந்து சோறு கட்டுமே" என்றார். "கேண்டீன் சாம்பார் வாய்ல வைக்க முடியல."

"சரி" என்றேன்.

காய்ந்தபின் பலகைகளில் நல்லதாகப் பொறுக்கி, குளிக்கிற இடத்துக்குக் கதவு செய்தார் பாய். குடைப் படம் அதில்தான் போயிற்று, தலைகீழாக. பார்த்துப் போட்டிருக்கலாம், யாரும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. தண்ணீர் ஊற்றினேன். துடைப்பத்தால் தள்ளினால் போகவில்லை. குழிக்குக் குழி தங்கிவிட்டது, கடுகளவு கடுகளவாக. எண்ணெய்த் துணியைக் கொண்டுவந்து குந்தினேன். துணி ஓடவில்லை, நூல் நூலாகச் சிக்கியது. குனிந்து பார்த்தேன். முகம் தெரியவில்லை. எழுந்து துணியைக் கொல்லையில் கொடியில் போட்டுவிட்டு வந்தேன். அவர் முதல் ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஈரத் தரையின் மேலேயே நடந்து, சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு, கதவைத் தாண்டிப் போனார்.